கோப்பின் பிறந்தநாள்

ஒரு பொருள் எப்போது தோன்றியது என்று அறிய விரும்புவது மனித இயல்பு. பழைய வீட்டின் நிலைப்படிக்கு மேல் பொறித்திருக்கும் ஆண்டை அண்ணாந்து படிக்கிறோம். ஆலய மணியின் விளிம்பில் வார்த்தெடுத்த எண்களை விரலால் தடவிப் பார்க்கிறோம். தாத்தா எழுதிய கடிதம் கிடைத்தால், செய்தியைப் படிக்குமுன் மூலையில் இட்டிருக்கும் நாளைத் தேடுகிறோம். நாள் தெரிந்துவிட்டால் அப்பொருளைப் பற்றிய உண்மையில் பாதி தெரிந்துவிட்டது போன்ற நிறைவு நமக்கு ஏற்படுகிறது. அந்த நிறைவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இக்கேள்வியை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய கணிப்பொறி. கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலையை வேறொருவர் செலுத்த நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் ஆண்டில் எங்கள் ஊர் இலக்கிய மன்றம் தன் வெள்ளி விழாவுக்கு ஒரு மலர் வெளியிட முனைந்தது. ஊர்க் குளத்தின் வரலாற்றைக் கூறும் கட்டுரை ஒன்று மலருக்கு வந்திருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெயரில் அது வந்தது. குளம் வெட்டப்பட்ட கதை, மடைகளின் பெயர்கள், பஞ்ச காலத்தில் தூர்வாரிய செய்தி என்று வளமான கட்டுரை. அச்சுக்குப் போகும் நிலையில், தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்துவந்த இளைஞர் ஒருவர் வந்து, "இது நான் எழுதியது" என்றார். அவர் அந்த ஆசிரியரிடமே படித்தவர்.

மன்றத்தினர் திகைத்தனர். ஒருபுறம் ஊரே மதிக்கும் முதியவர். மறுபுறம் இருபத்து மூன்று வயது இளைஞர். கையெழுத்துப் படி யாரிடமும் இல்லை. இருவருமே கணிப்பொறியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். "கணிப்பொறிக்கு வயது வேறுபாடு தெரியாது, அது பொய் சொல்லாது" என்று ஒருவர் சொன்னார். அக்காலத்தில் கணிப்பொறி அறிந்தவன் என்று பெயர் பெற்றிருந்த என்னிடம் அப்பொறுப்பு வந்தது. நானும் மகிழ்ச்சியோடு ஏற்றேன். தீர்ப்பு வழங்கும் இடம் எவருக்குத்தான் இனிக்காது?

இருவர் வீட்டுக்கும் சென்றேன். இரண்டிலும் விண்டோஸ் 98. கோப்பின் மீது சுட்டியை வைத்து வலப்பொத்தானை அழுத்தினால் தோன்றும் பட்டியலின் கடைசியில் 'பிராப்பர்டீஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் மூன்று நாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்: உருவாக்கப்பட்ட நாள், மாற்றப்பட்ட நாள், கடைசியாகத் திறக்கப்பட்ட நாள். ஆசிரியரின் கோப்பு உருவாக்கப்பட்டது 2002 அக்டோபர் 20. இளைஞரின் கோப்பு உருவாக்கப்பட்டது 2003 ஜனவரி 11. ஏறத்தாழ மூன்று மாத இடைவெளி. நான் சாளரத்தை மூடினேன். கேள்வியையும் மூடினேன். மலர் ஆசிரியரின் பெயரோடு வெளிவந்தது. இளைஞர் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பின் அவர் மன்றத்தின் பக்கம் வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. என் பழைய கணிப்பொறி பழுதுற்றதால் புதிய ஒன்றை வாங்கி, பத்தாண்டுக் காலக் கடிதங்களையும் கட்டுரைகளையும் அதில் படியெடுத்து வைத்தேன். அன்று மாலை ஏதோ ஒரு கடிதத்தின் நாளைப் பார்க்க வேண்டியிருந்தது. உருவாக்கப்பட்ட நாள் என்ற இடத்தில் அன்றைய நாளே இருந்தது. இன்னொன்றைத் திறந்தேன், அதிலும் அதே நாள். என் தாய் இறந்தபோது அண்ணனுக்கு எழுதிய கடிதம், மகள் பிறந்தபோது எழுதியது, எல்லாமே அந்த ஒரு பிற்பகலில் பிறந்தவை என்று கணிப்பொறி கூறியது. அதற்கு அடுத்த வரியில், மாற்றப்பட்ட நாள் என்ற இடத்தில், பழைய நாள்கள் அப்படியே இருந்தன. ஒரு கோப்பு பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தப்பட்டிருந்தது!

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் இளைஞரின் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

கணிப்பொறி உண்மையில் எதைக் குறித்து வைக்கிறது என்பதைப் பின்னரே முறையாகக் கற்றேன். அதைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுடையது. ஏனெனில் இன்றும் பல குடும்பங்களில் பழைய கணிப்பொறியோ, அதிலிருந்து எடுத்த தகடுகளோ பரணில் கிடக்கின்றன. அவற்றில் நம் பெரியவர்களின் எழுத்துகள் இருக்கின்றன. அவை எப்போது எழுதப்பட்டவை என்று ஒருநாள் யாரேனும் கேட்பார்கள்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தனியாள் கணிப்பொறிக்கு, மின்சாரம் நின்றபின் நேரத்தைக் காத்துவைக்கும் கடிகாரம் கிடையாது. பொத்தானை அழுத்தியதும், "இன்று என்ன நாள்?" என்று அது நம்மைக் கேட்கும். பொறுமையின்றி விடை தராமல் தாண்டிச் சென்றால் 1980 ஜனவரி 1 என்று தானே வைத்துக்கொள்ளும். இதனால் அக்காலக் கோப்புகள் பல, அக்கணிப்பொறி விற்பனைக்கு வருவதற்கு முந்தைய நாளைத் தாங்கி நிற்கின்றன. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் அமைந்தது. எனினும் அந்தச் சிறிய மின்கலம் ஓய்ந்துவிட்டால் பழைய கதைதான். இயந்திரம் தானாக நாளை அறிவதில்லை. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது.

அன்றைய டாஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவில் 32 பைட்டுகள் அளவான ஒரு சிறு குறிப்பு உண்டு. பெயர், அளவு, தட்டில் அது தொடங்கும் இடம் ஆகியவற்றோடு ஒரே ஒரு நாளும் நேரமும் அதில் அடங்கும். அந்த நாள் கோப்பு உருவான நாளன்று; கடைசியாக மாற்றப்பட்ட நாள். நேரத்துக்குக் கிடைத்த இடம் குறைவாக இருந்தமையால் விநாடிகளை இரண்டிரண்டாகவே எண்ணினார்கள். ஒற்றைப்படை விநாடியில் எழுதப்பட்ட டாஸ் கோப்பு ஒன்றுகூட ஏட்டில் இல்லை. உருவான நாளை எழுத அந்த ஏட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை. 1995-இல் வந்த விண்டோஸ் 95-தான் பயன்படாமல் விடப்பட்டிருந்த பைட்டுகளில் உருவான நாளுக்கும் கடைசியாகத் திறந்த நாளுக்கும் இடம் கொடுத்தது. எனவே டாஸ் காலத்துத் தகட்டில் ஒரு கோப்பின் பிறந்தநாளைத் தேடுவது, எழுதப்படாத பக்கத்தைப் புரட்டுவது போன்றது.

பிற கணிப்பொறிகள் வேறு வழிகளில் சென்றன. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் தொடக்கத்திலிருந்தே உருவான நாள், மாற்றப்பட்ட நாள் இரண்டையும் குறித்தது. 1904 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக அது காலத்தை எண்ணியது. யூனிக்ஸ் முறை 1970-இன் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. அதில் 'சிடைம்' என்றொரு குறிப்பு உண்டு. அதை உருவான நாள் என்று தவறாகக் கொள்வோர் பலர். உண்மையில் அது கோப்பின் உரிமை போன்ற விவரக் குறிப்பு கடைசியாக மாறிய நேரம். விண்டோஸ் என்.டி. 1993-இல் கொண்டுவந்த முறையோ 1601 ஜனவரி 1-இலிருந்து எண்ணுகிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் நடைமுறைப்படுத்திய நாட்காட்டியில் நானூறு ஆண்டு கொண்ட சுழற்சி ஒன்று தொடங்கும் ஆண்டு அது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் காலம் ஒவ்வோர் இடத்தில் தொடங்குகிறது.

இவற்றினும் முக்கியமானது இது: விண்டோஸில் உருவாக்கப்பட்ட நாள் என்பது, குறிப்பிட்ட இந்தப் படி குறிப்பிட்ட இந்தத் தட்டில் தோன்றிய நாள். எழுத்தாளரின் உள்ளத்தில் கருத்து தோன்றிய நாளன்று. முதல் சொல்லைத் தட்டச்சு செய்த நாளுமன்று. கோப்பை ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுத்தால், படிக்கு அன்றைய நாளே உருவான நாளாகிறது. மாற்றப்பட்ட நாள் மட்டும் பழையபடி உடன் செல்கிறது. விண்டோஸில் இன்னொரு விந்தையும் உண்டு. ஒரு கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றைப் பதினைந்து விநாடிக்குள் அங்கேயே உருவாக்கினால், புதியதற்குப் பழையதன் உருவான நாள் சென்றுவிடும். சேமிக்கும்போது சில மென்பொருள்கள் பழைய கோப்பை நீக்கிப் புதியதை வைப்பதால், நாள் மாறிப்போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நல்ல நோக்கம்தான். ஆனாலும் இறந்தவரின் பிறந்தநாளை அவர் இருக்கையில் வந்து அமர்ந்தவருக்கு எழுதிவைக்கும் செயல் அன்றோ அது?

இதையெல்லாம் அறிந்தபின் கணிப்பொறி பொய் சொன்னது என்று கூற எனக்கு மனம் வரவில்லை. அது பொய் சொல்லவில்லை. "இந்தப் படி இந்தத் தட்டில் எப்போது தோன்றியது?" என்ற கேள்விக்கு அது நேர்மையாக விடையளித்தது. "இதை எழுதியவர் யார்?" என்ற கேள்விக்கு அந்த விடையை எடுத்துச் சென்று ஒட்டியவன் நான். ஒரு கேள்விக்குக் கிடைத்த உண்மையான விடை, வேறொரு கேள்விக்குப் பொய்யாகிவிடுகிறது. சாட்சி மெய்யாக இருந்தும் தீர்ப்பு பொய்யாவது இவ்வாறுதான்.

நம் வாழ்விலும் இது புதிதன்று. பங்கின் திருமுழுக்கு ஏட்டைத் திறந்து பாருங்கள். திருமுழுக்கு நடந்த நாளும் குழந்தை பிறந்த நாளும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் எழுத வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 877-ஆம் விதியில் கூறுகிறது. இரண்டும் உண்மை. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைப் படித்துவிட்டால், ஏடு குற்றமற்றதாகவே இருக்கும். சான்றிதழ் மட்டும் தவறாகிவிடும். நம்முள் முதியோர் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் கணக்கிட்டு எழுதிய பிறந்தநாள் ஒன்று உண்டு. தாய் சொல்லும் பிறந்தநாள் வேறொன்று. ஓய்வூதியத்துக்கு முன்னது, உறவுக்குப் பின்னது. பதிவேடு எதைக் கேட்டு எழுதப்பட்டது என்று அறிந்தவனே அதை வாசிக்கத் தகுதியுள்ளவன்.

நான் இளைஞரின் வீட்டைத் தேடிச் சென்றேன். அவர் அப்போது பக்கத்து நகரில் சொந்தமாகத் தட்டச்சு நிலையம் வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பழைய கோப்பைத் திறந்து காட்டினார். உருவாக்கப்பட்டது 2003 ஜனவரி 11. அது அவர் புதுக் கணிப்பொறி வாங்கிக் கோப்புகளை மாற்றிய நாள். அதற்கு நேர்கீழே, மாற்றப்பட்டது 2002 ஆகஸ்ட் 4. ஆசிரியரின் கணிப்பொறியில் அந்தக் கோப்பு தோன்றுவதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்பே இவர் எழுதி முடித்திருந்தார்.

"சார், நீங்கள் அன்றைக்கு அடுத்த வரியையும் வாசித்திருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது இன்றுவரை என் காதில் நிற்கிறது.

ஆயினும் ஒருமுறை சூடுபட்டவன் என்ற முறையில், அந்த ஆகஸ்ட் மாத வரியையும் நான் முழுமையாக நம்பிவிடக் கூடாது அல்லவா? கடிகாரத்தைத் தவறாக வைத்திருந்தால் அதுவும் தவறுதான். நாளை மாற்றுவதற்கென்றே சிறு மென்பொருள்களும் உள்ளன. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். ஆசிரியரிடம் சென்று நேரிலேயே கேட்டேன்.

அவர் சற்றும் தயங்கவில்லை. "அவன்தான் பிளாப்பியில் கொண்டுவந்து, படித்துத் திருத்திக் கொடுங்கள் என்றான். நான் என் கணிப்பொறியில் ஏற்றித் திருத்தினேன். அதில் உள்ள செய்தி முழுவதும் வகுப்பில் நான் அவனுக்குச் சொன்னது. மடைகளின் பெயர்களை என் தகப்பனார் எனக்குச் சொன்னார். அதனால் என்னுடையது என்றே எண்ணினேன்" என்றார். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றேன். "என்னிடம் யார் கேட்டார்கள், தம்பி? எல்லோரும் கணிப்பொறியிடம்தானே கேட்டீர்கள்!" என்றார்.

மாணவனின் எழுத்தைத் தன் பெயரில் அனுப்பியது அவருடைய பிழை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் மறுமொழி என் பிழையின் முழு அளவையும் காட்டிவிட்டது. அடுத்த வரியைப் படிக்காதது அதில் சிறு பகுதியே. இரண்டு மனிதர்கள் உயிரோடு, பேசும் வாயோடு, அரை மைல் தூரத்தில் இருக்கும்போது, அவர்களை ஒன்றாக அமர்த்தி ஒரு கேள்வி கேட்காமல், 32 பைட்டுக் குறிப்பிடம் போய்க் கேட்டேனே, அதுவே பெரும்பிழை. ஏன் அப்படிச் செய்தேன்? மனிதரிடம் கேட்டால் முகத்தைப் பார்க்க வேண்டும். முதியவரைச் சந்தேகிக்க வேண்டும். இளைஞரின் கண்ணீரைத் தாங்க வேண்டும். இயந்திரத்திடம் கேட்டால் இவை ஒன்றும் இல்லை. நடுநிலை என்று நான் பெருமைப்பட்டது உண்மையில் கோழைத்தனம்.

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாறு உள்ளது. மதிப்பு மிக்க இரு முதியோர் ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள். கூட்டம் அவளைச் சாவுக்குத் தீர்ப்பிட்டுவிட்டது. இளைஞன் தானியேல் செய்தது பெரிய வித்தையன்று. சாட்சிகளைப் பிரித்து நிறுத்தி, இன்னும் ஒரு கேள்வி கேட்டான்: எந்த மரத்தடியில்? அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காத்தது. முதல் விடையோடு நின்றுவிடாத பொறுமைக்கு நீதி என்று இன்னொரு பெயரும் உண்டு.

நாட்டின் சட்டமும் இந்தப் பொறுமையைக் கேட்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியாக 2000-ஆம் ஆண்டில் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கணிப்பொறியில் உள்ளதன் படியை நீதிமன்றத்தில் வைப்பவர், அது எவ்வாறு எடுக்கப்பட்டது, இயந்திரம் முறையாக இயங்கியதா என்று கையெழுத்திட்ட சான்றும் தர வேண்டும் என்றது அப்பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு அதே வழியில் செல்கிறது. இயந்திரத்தின் சொல்லுக்கும் ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் கருத்து.

இன்னொன்றும் எஞ்சுகிறது. அந்தக் கட்டுரை உண்மையில் எப்போது பிறந்தது? இளைஞர் எழுதி முடித்த ஆகஸ்டிலா? ஆசிரியர் வகுப்பில் குளத்தைப் பற்றிப் பேசிய ஏதோ ஒரு நாளிலா? அவருடைய தந்தை மகனைக் கரையில் நடத்திச் சென்று மடைகளின் பெயர்களைச் சொன்ன மாலையிலா? எந்தத் தட்டும் இதைக் குறித்து வைக்காது. தோற்றம் என்பதை ஒரு புள்ளி என்று நாம் எண்ணுகிறோம். அதுவோ பல கைகள் மாறி வந்த ஒரு கொடை. சொன்னவருக்கும் எழுதியவருக்கும் உரியதை அவரவர்க்குக் கொடுக்க, நாள் துணைசெய்யலாம்; நாள் மட்டும் போதாது. நன்றியுள்ள நினைவும் வேண்டும்.

மன்றத்தின் அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டோம். எழுதியவர் என்று இளைஞரின் பெயரும், செய்தி தந்தவர் என்று ஆசிரியரின் பெயரும் இடம்பெற்றன. இருவரும் அதற்கு உடன்பட்டனர். ஆசிரியர் மறைந்தபோது அந்த இளைஞர் வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார். ஆனால் அவர் மீண்டும் ஒரு கட்டுரை எழுதவில்லை. கேட்டால், "நேரமில்லை சார்" என்று புன்னகை செய்வார். நான் திருத்தியது ஏட்டை மட்டும்தான்.

இன்று கோப்பின் நாளைப் பார்க்குமாறு யாரேனும் என்னிடம் வந்தால், வழியை மறுக்காமல் சொல்லித் தருகிறேன். மூன்று வரிகளையும் படியுங்கள் என்கிறேன். ஆவணத்தின் உள்ளேயே மென்பொருள் தனியாகக் குறித்துவைக்கும் நாள் இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள், பழைய தகட்டைக் காணும் வரை படியின் நாளை நம்பாதீர்கள், கடிகாரம் சரியாக இருந்ததா என்று விசாரியுங்கள் என்கிறேன். இவ்வளவும் சொன்னபின், "சம்பந்தப்பட்டவரிடம் கேட்டீர்களா?" என்றும் கேட்கிறேன். பெரும்பாலும் அவர்கள் கேட்டிருப்பதில்லை.